அறுபத்து மூன்றுக்கு அறுபத்து மூன்று

அம்மாக்கண்ணுவின் பெயர் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. ஊசிக்கல்லுத் தோட்டத்தில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், இருநூறு பேர் கைதட்டிக்கொண்டிருக்கும்போது போனது. அவளும் சேர்ந்துதான் தட்டினாள். கழுத்தில் மாலை வேறு.

இது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் மலைச்சாரல் மனைப் பணியகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எழுந்து நின்று சொல்வதுதான் அதற்கு மரியாதை. சொல்கிறவனுக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தே சொல்கிறேன்.

கொட்டகலையிலிருந்து மேலே ஏறினால் வருவது ஊசிக்கல்லுத் தோட்டம். அதன் கீழ்ப்பிரிவு லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், சரிவின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தன. மழைக்கு முன் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று சுவர்களில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அம்மாக்கண்ணுவின் ஒற்றை அறைக் காம்பராவில் அந்த நோட்டீஸ் ஒட்டிய சுவரே வெடித்து, நோட்டீசையும் இரண்டாகக் கிழித்துவிட்டது. கொழுந்தெடுக்கப் போகுமுன் தினமும் அவள் அந்த வெடிப்பில் கையை விட்டுப் பார்ப்பாள். தைப்பொங்கலுக்கு ஒரு விரல் போனது. சித்திரையில் உள்ளங்கை போனது. அந்தச் சுவரின் அடியில்தான் அவள் புருசன் வீரய்யா படுத்திருந்தான். முப்பது வருசம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவன். பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு அவனால் எழுந்து வாசல் இஸ்தோப்புக்கு வரக்கூட இன்னொரு ஆள் வேண்டும்.

அறுபத்து நான்கு குடும்பங்கள். பணியகம் கட்டும் அறுபத்து நான்கு புது வீடுகள், பங்களா றோட்டுப் பக்கத்துச் சமதரையில். அவளுக்கு முப்பத்தேழாம் இலக்கம். வைகாசியில் சாவி. இடையில் ஒரே ஒரு நிபந்தனைதான்: பணியகத்தின் இணையத்தளத்தில் பெயர் இருக்க வேண்டும். குடும்பங்கள் கொடுத்த காகிதங்களையெல்லாம் படம் பிடித்துத் தளத்தில் ஏற்றிவிட்டு, காகிதங்களை இயந்திரத்தில் போட்டுத் தூளாக்கினார்கள். அதற்காகவே ‘காகிதமில்லா அலுவலகம்’ என்று ஒரு கேடயமும் வாங்கிச் சுவரில் மாட்டினார்கள்.

சரி, காகிதம் போயிற்று, தளத்துக்கு ஏதாவது ஆனால்? அதற்குத்தான் காப்புப் பிரதி. தளத்தை அப்படியே நகல் எடுத்து ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைப்பது. சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும் அந்தப் பெட்டி. வாரத்துக்கு ஒரு புதுப் பெட்டி. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நுவரெலியா அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பியோன் கணினிக்குக் கற்பூரம் காட்டுவான். நகல் எடுத்து முடிந்ததும் பணிப்பாளர் மகாலிங்கம் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சிவப்புப் பட்டில் சுற்றி, இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். பதிவேட்டில் மூன்று கையெழுத்து. பிறகு வடை. ஒரு வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லை. அன்றைக்கும் கற்பூரம், பட்டு, கையெழுத்து, வடை எல்லாம் குறைவில்லாமல் நடந்தன, நகல் எடுப்பது மட்டும் நடக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டினாலும் எந்த வெள்ளிக்கிழமை என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகள் போன பிறகு கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து விழுந்தது. எடுத்து வைத்த பிரதிகள் திரும்ப வருகின்றனவா என்று சோதித்து, மாத முடிவுக்குள் சான்றிதழ் அனுப்புக. புகைப்படமும் இணைக்கவும்.

மகாலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்தாறு வருசம் அப்பழுக்கில்லாமல் கையெழுத்துப் போட்ட மனிதர் அவர்.

“இருநூற்றிப் பன்ரெண்டு வெள்ளி. ஒண்டும் தவறேல்லை. இப்ப அது வேலை செய்யுமோ எண்டு கேக்கினம். பெத்த தாயிட்டைப் போய் நீ தாய்தானோ எண்டு கேக்கிற மாதிரி இல்லையோ இது?”

கணினிப் பகுதிக்கு ஒரே ஓர் ஆள், விதுசன். போன வருசம்தான் மாற்றலாகி வந்தவன். அவன் எழுந்து, “சேர், வேறை ஒரு கம்பியூட்டரிலை போட்டுப் பாப்பம். உண்மையான தளத்தைத் தொடவே தேவையில்லை. அரை மணித்தியால வேலை” என்றான். அன்றைக்கு அந்த அலுவலகத்தில் பேசப்பட்ட உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். குறிப்பேட்டில் அதை எழுதவில்லை.

“வேறை கம்பியூட்டருக்கு அனுமதி எடுக்க வேணும், அது கிடக்கட்டும்” என்றார் மகாலிங்கம். “துலையாத ஒண்டை மீட்டெடுத்தம் எண்டு நான் எப்பிடி எழுதிறது? துலைஞ்சால்தானே மீட்பு? நான் பொய்ச் சான்றிதழிலை கையெழுத்து வைக்கமாட்டன்.”

ஆக, எதையாவது தொலைத்தாக வேண்டும். அவர் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல, அதனால் தொலைப்பதை இயன்றவரை சிறிதாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். ஒரே ஒரு குடும்பம் போதும். எந்தக் குடும்பம்? குறையுள்ள பதிவை அழித்தால், திரும்பி வந்த பிறகு அந்தக் குறை முன்பே இருந்ததா, புதிதாக வந்ததா என்று தெரியாமல் போகும். எனவே ஒரு குறையும் இல்லாத பதிவாகப் பார்த்து எடுக்கச் சொன்னார். பிறப்புச் சான்றிதழைத் திருத்த ஹட்டனுக்கு ஒன்பது தடவை அலைந்து, கிராம சேவகர் வீட்டு வாசலில் பொழுதெல்லாம் காத்துக் கிடந்து, எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்தவள் அறுபத்து நான்கு பேரில் ஒருத்திதான் இருந்தாள்.

செய்தியைக் கொண்டு வந்தவர் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் முத்துலிங்கம். வரும்போதே வாயெல்லாம் பல்.

“அக்கா, அறுபத்து நாலு பேர்ல ஒங்க பேருதான் தெரிவாயிருக்கு!”

“எதுக்குங்க தலைவரே?”

“வெட்டுறதுக்கு.”

 தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் என்ன என்று அம்மாக்கண்ணுவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. செக்ரோல் என்ற வேலைப் பதிவில் பேர் இருக்கும்வரை வேலை, காம்பரா, வைத்தியம் எல்லாம் உண்டு. பேரை வெட்டினால் கையில் வேலைநீக்கப் பத்துச்சீட்டு, சட்டிபானை றோட்டில். அவள் அப்பாவின் பேரை வெட்டிய வருசம் அவள் மூன்றாம் வகுப்பு. சொந்தக்காரர் வீட்டுக் குசினியில் ஆறு பேர் நான்கு மாதம் படுத்திருந்தார்கள்.

“அஞ்சே நிமிசம்க்கா. வெட்டிட்டு அந்த எடத்துலயே திரும்பப் போட்டுருவாங்க. மாலையெல்லாம் போடுறாங்க” என்றார் முத்துலிங்கம்.

வீரய்யா படுக்கையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வாய் கொஞ்சம் கோணினாலும் அவன் புத்தி கோணவில்லை.

“பேர வெட்டுறதுக்கு மாலை போட்டு எங்கயாவது கூப்புட்டிருக்காங்களா புள்ள? முடியாதுன்னு சொல்லிரு.”

“முடியாதுன்னா வீடு முடியாதுன்னு எழுதிப்புட்டாங்கன்னா என்னாங்க செய்றது? ஒடனே திரும்பப் போட்டுருவாங்களாம்.”

“திரும்பப் போடுறதா இருந்தா அப்பறம் எதுக்கு வெட்டணும்?”

இந்தக் கேள்விக்குப் பணியகத்திலேயே பதில் கிடையாது. 

செவ்வாய்க்கிழமை பெரட்டுக் களத்தில் பந்தல். வெள்ளைத் திரை. மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை. மகாலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்தால் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார்.

“பெருமக்களே! ஒரு பொருளின் அருமை அது இல்லாதபோதுதான் தெரியும். இன்று இந்த அம்மையாரின் அருமையை நாம் எல்லோரும் உணரப் போகிறோம். தம் பெயரையே நாட்டுக்குத் தரும் இவரைப் போன்றவர்கள் கிடைப்பது எங்கள் பணியகத்தின் பாக்கியம். பெயர் தானே, உயிரா கேட்டோம்?”

கைதட்டல்.

“அம்மாக்கண்ணு வீரய்யா!” என்று கூப்பிட்டார்கள்.  வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் முப்பது வருசமாக விடியற்காலையில் அதே களத்தில் அந்தப் பெயரைக் கேட்டு முன்னால் வந்து பழகிய கால்கள் அவளைக் கேட்கவில்லை. “வந்திருக்கேங்க” என்று ஓரடி முன்னே வந்துவிட்டாள். மாலை விழுந்தது. திரையில் அவள் முகம், அவள் பெயர், முப்பத்தேழு. விதுசன் ஒரு பொத்தானை அழுத்தினான். முப்பத்தாறுக்கு அடுத்து முப்பத்தெட்டு வந்து நின்றது. எல்லோரும் தட்டினார்கள், அவளும் தட்டினாள்.

பிறகு பட்டைப் பிரித்து இருநூற்றுப் பன்னிரண்டாவது பெட்டியை எடுத்தார்கள். விதுசன் அதைக் கணினியில் சொருகிப் பார்த்தான்.  உள்ளே தளம் இல்லை. தளத்தைத் திறப்பதற்காகக் கணினித் திரையில் ஒரு சின்னப் படம் வைத்திருப்பார்களே, அந்தக் குறுக்குவழிப் படம் மட்டும்தான் இருந்தது. அவனுக்கு முன்னால் இருந்தவர் முதல் வெள்ளிக்கிழமை அதைத்தான் நகல் எடுத்திருக்கிறார். அவர் காட்டிக்கொடுத்தபடியே இவனும் எடுத்திருக்கிறான். வீட்டுச் சாமானைப் பத்திரப்படுத்துகிறோம் என்று, வீட்டுக்குப் போகிற வழியை ஒரு துண்டில் எழுதி இருநூற்றுப் பன்னிரண்டு தடவை பட்டில் சுற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

“என்ன தம்பி, திறவும்” என்றார் மகாலிங்கம்.

திறந்தான். படத்தைத் தொட்டதும் வழக்கம்போல இணையத்தளம் வந்தது. சற்று முன் பெயரை வெட்டிய அதே தளம்.

“பெட்டிக்குள்ளை எத்தினை பேர்?”

“அறுபத்து மூண்டு சேர்.”

“தளத்திலை?”

“அதிலையும் அறுபத்து மூண்டு. ஆனால் சேர்...”

“ஒரு பேராவது வித்தியாசம் இருக்கோ?”

“வித்தியாசம் வராது சேர். ரெண்டும் ஒண்டுதான், அதுதான் பிரச்சினை...”

“ரெண்டும் ஒண்டு!” மகாலிங்கம் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார். “அறுபத்து மூன்றுக்கு அறுபத்து மூன்று! நூற்றுக்கு நூறு! அறுபத்து மூவர்! சைவத் தமிழனுக்கு இதைவிடப் புனிதமான இலக்கம் உண்டா?”

தப்பு மேளம் முழங்கியது. அங்கேயே சான்றிதழில் கையெழுத்து. அம்மாக்கண்ணு மாலையோடு முத்துலிங்கத்திடம் போய், “தலைவரே, ஏம் பேரு?” என்று கேட்டாள்.

“வரும்க்கா. மொதல்ல வடையச் சாப்புடுங்க.”

ஒரு வாரம் பார்த்தாள். பிறகு வேலைக்குப் போகாமல் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினாள். அலுவலக யன்னலில் இருந்த பெண் இலக்கத்தைக் கேட்டாள். முப்பத்தேழு என்றாள் இவள். அப்படி ஒருவர் இல்லையாம். இல்லை என்பதைத்தான் முறையிட வந்திருக்கிறேன் என்றாள். முறைப்பாட்டுப் படிவம் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும்தானாம். அந்தப் பெண்ணின் பின்னால் பெரிய திரையில் பணியகத்தின் முகப்புப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ‘மீட்புச் சோதனை மகத்தான வெற்றி’ என்ற எழுத்துக்குக் கீழே மாலையும் கழுத்துமாக அம்மாக்கண்ணு நின்றாள்.

மகாலிங்கம் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். நல்ல மனிதர், இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

“உங்களை எனக்கு நல்லாத் தெரியும் அம்மா. ஆனால் எனக்குத் தெரிஞ்சது வேறை, பணியகத்துக்குத் தெரிஞ்சது வேறை.”

“அந்தப் படத்துல நிக்கிறது நான்தாங்க சார்.”

“ஓம், நீங்கள்தான். அந்தப் படம் உங்கட பேரை அழிச்சதுக்குச் சாட்சி. இருந்ததுக்குச் சாட்சி பெட்டிக்குள்ளைதான் இருக்க வேணும். பெட்டியிலை நீங்கள் இல்லை.”

“கடுதாசி எல்லாம் குடுத்தேனுங்களே.”

அவர் சுவரிலிருந்த கேடயத்தைக் காட்டினார்.

“அப்ப புதுசா ஒருக்கா எழுதிக்கிங்க சார். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். மழை வரப்போவுது. அவரால எந்திரிக்க முடியாதுங்க.”

மகாலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. “நான் உங்களைச் சேர்த்தால் தளத்திலை அறுபத்து நாலு. சான்றிதழிலை அறுபத்து மூண்டு. அப்ப சோதனை தோல்வி எண்டு ஆகும். சோதனை தோல்வி எண்டால் மிச்ச அறுபத்து மூண்டு குடும்பத்தின்ரை பதிவிலையும் சந்தேகம் வரும், சாவி குடுக்கிறதை நிப்பாட்டுவினம். நீங்கள் ஒரு ஆளுக்காக அத்தினை சனத்தையும் நடுத்தெருவிலை விடச் சொல்லுறியளோ?”

“அய்யய்யோ, வேணாங்க சார்” என்றாள் அம்மாக்கண்ணு. பதறிப்போய்ச் சொன்னாள். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

விதுசன் சும்மா இருக்கவில்லை. பெட்டிகளில் ஒன்றுமே இல்லை, ஒரு பெண்ணின் பெயரை அழித்துவிட்டோம், திரும்பப் பதிவதற்குப் பணிப்பாளரின் கடவுச்சொல் வேண்டும் என்று மூன்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தான். மகாலிங்கம் நிதானமாகப் படித்தார். “முக்கியமான ஆவணம் தம்பி. இது துலையக் கூடாது” என்று சொல்லி, வெள்ளிக்கிழமை பெட்டியோடு சேர்த்துப் பட்டில் சுற்றி இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

வைகாசியில் சாவி கொடுத்தார்கள். அம்மாக்கண்ணுவுக்குச் சிறப்பு விருந்தினர் அழைப்பு. அவள்தான் விளக்கேற்றினாள். அறுபத்து மூன்று குடும்பங்கள் ஒரே நாளில் பாய் தலையணையோடு மேலே போய்விட்டன. எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிடாத ஆள் இல்லை. ஆனால் பட்டியலில் இல்லாதவர் யாரும் ஓர் இரவு தங்கினாலும் வீட்டைத் திரும்ப எடுப்போம் என்று சாவியோடு கொடுத்த காகிதத்தில் எழுதியிருந்தது. இந்தக் காகிதத்தை மட்டும் யாரும் தூளாக்கவில்லை. கூப்பிட்டவர்களின் முகத்தைப் பார்த்து அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

முப்பத்தேழாம் இலக்க வீடு பூட்டிக் கிடந்தது. ரொம்ப நாள் இல்லை. பிரதிகளை அலுவலகத்திலேயே வைக்காமல் ஆபத்தில்லாத வேறோர் இடத்தில் வைக்க வேண்டும் என்று இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. மண்சரிவு வராது என்று சான்றிதழ் பெற்ற, சொந்தக்காரர் இல்லாத கட்டடம் மாவட்டத்திலேயே பணியகத்திடம் ஒன்றுதான் இருந்தது. இரும்பு அலுமாரியை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, பால் காய்ச்சிக் குடிபுகுத்தினார்கள். வெள்ளிக்கிழமைப் பூசையும் அங்கேயே மாறியது.

ஆனி மாதம் ஒன்பது நாள் விடாமல் பெய்தது. ஒன்பதாம் நாள் காலை வெடிப்புக்குள் அம்மாக்கண்ணுவின் கை முழங்கைவரை போனது.

“இன்னைக்கு நான் வேலைக்குப் போகலீங்க” என்றாள்.

“போகாட்டி இங்க இருக்குற பேரும் போயிரும். போயிட்டு வா. அந்தியில தலைவர்கிட்டச் சொல்லி என்னய கோயிலு மடத்துக்குத் தூக்கிட்டுப் போவச் சொல்லு. இன்னைக்காவது போயிருவோம்” என்றான் வீரய்யா.

அவனுக்குச் சட்டையைப் போட்டுவிட்டாள். மடத்துக்குப் போனால் யாராவது கேட்பார்கள் என்று அவனுடைய அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தாள். தலைக்கருகில் தேத்தண்ணி வைத்துவிட்டுப் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.

பத்து மணியளவில் லொறியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. தகரமும் மண்ணும்தான் கிடந்தன. பெடியன்களும் பெரியவர்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு வீரய்யாவின் உடலை எடுத்தார்கள். மண்ணில் விழுந்து அவள் கத்திய கத்தல் மேலே புது வீடுகள்வரை கேட்டது. பெரட்டுக் களத்தில் கைதட்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சாயந்தரமே பணியகத்தின் தளத்தில் அறிக்கை வந்துவிட்டது. ‘ஊசிக்கல்லு மண்சரிவில் எமது பயனாளிகள் எவருக்கும் பாதிப்பு இல்லை. அறுபத்து மூன்றுக்கு அறுபத்து மூன்று குடும்பங்கள் பாதுகாப்பாக உள்ளன. முன்கூட்டிய திட்டமிடலின் வெற்றி இது.’ ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அம்மாக்கண்ணு இப்போது கோயில் மடத்தில் ஒரு மூலையில் இருக்கிறாள். மகாலிங்கம் மனம் இரங்கி அவளுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை முப்பத்தேழாம் இலக்க வீட்டைக் கூட்டித் துடைத்துக் கோலம் போட வேண்டும். ஏழு மணிக்குச் சாவியைக் கையில் கொடுப்பார்கள், ஒன்பதுக்குத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அவளுடைய வீட்டில் அவள் இருந்தாள். அலுமாரி நிற்கும் அறையைத் துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் தாமதிப்பாள். வீரய்யாவின் கட்டிலை அங்கே யன்னலோரமாகப் போட வேண்டும் என்று எப்போதோ மனசுக்குள் அளந்து வைத்திருந்தாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை. கற்பூரம் காட்டியாயிற்று. மகாலிங்கம் பொட்டு வைத்து, பட்டைச் சுற்றி, அலுமாரியைத் திறந்தார். பக்கத்தில் விதுசன் பதிவேட்டோடு நின்றான். அம்மாக்கண்ணு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மண் கறை போகாத ஓர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள்.

“இதையும் ஒங்க பொட்டியோட வச்சிப் பூட்டிருங்க சார்.”

மகாலிங்கம் அட்டையிலிருந்த வீரய்யாவின் முகத்தைப் பார்த்தார். “அம்மா, இது...”

“பட்டுல சுத்தி வச்சிருங்க. பொட்டும் வைங்க. திரும்ப வருமான்னு மட்டும் தெறந்து பாத்துறாதீங்க.”

 விதுசன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், மழைத் தண்ணீர் நின்ற வாசலைக் கூட்டத் தொடங்கினாள். அந்தச் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது.

மகாலிங்கம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இதைப் பதிவேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று விதுசனைக் கேட்டார்.